முப்பதாயிரம் ரூபாய்க்குக் கீழே

ஹரியானாவின் மானேசரில், வாகன உதிரிபாகங்கள் தயாரிக்கும் ஒரு தொழிற்சாலையின் மனிதவளப் பிரிவில் நான் பணியாற்றிய காலத்தில்தான், தனியார் வேலைகளில் 75 விழுக்காட்டை உள்ளூர் மக்களுக்கு ஒதுக்கும் சட்டத்தை அம்மாநில அரசு கொண்டுவந்தது. 2020 நவம்பரில் சட்டமன்றத்தில் நிறைவேறி, 2022 ஜனவரி 15 அன்று அமலுக்கு வந்த அச்சட்டம், பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்களுக்குப் பொருந்தியது. மாதச் சம்பளம் 30,000 ரூபாய்க்கு மிகாத புதிய இடங்களில் நான்கில் மூன்று பங்கு, ஹரியானாவின் இருப்பிடச் சான்று உள்ளவர்களுக்கே போக வேண்டும் என்று அது விதித்தது. சட்டத்தில் முதலில் 50,000 என்றிருந்த வரம்பைப் பின்னர் அரசே 30,000 ஆகக் குறைத்தது.

இந்தச் சட்டத்தைக் கோரியவர்களின் மனக்குறையில் நியாயம் இருந்தது. தொழிற்பேட்டைக்காக நிலத்தைக் கொடுத்த கிராமங்களின் பிள்ளைகளுக்கு அந்தத் தொழிற்பேட்டையிலேயே வேலை கிடைப்பது அரிதாகிவிட்டது. 2012 ஜூலையில் மாருதி சுசுகியின் மானேசர் ஆலையில் நடந்த வன்முறைக்குப் பிறகு அது இன்னும் கடினமானது. உள்ளூர்ப் பையனுக்கு ஒன்றென்றால் ஊரே வாசலில் வந்து நிற்கும் என்ற அச்சத்தில், விண்ணப்பத்தில் முகவரியைப் பார்த்தே நிராகரிக்கும் வழக்கம் பல நிர்வாகங்களிடம் இருந்தது. இதை யாரும் எழுத்தில் வைப்பதில்லை; ஆனால் ஆளெடுக்கும் வேலையில் இருப்பவர்களுக்குத் தெரியாததல்ல.

சட்டம் வருகிறது என்று உறுதியானதும் எங்கள் அலுவலகத்தில் நடந்த பேச்சு முழுவதும் அந்த முப்பதாயிரத்தைச் சுற்றியே இருந்தது. 27,000, 28,000 ரூபாய்க்கு எடுத்துவந்த இயந்திர இயக்குநர் இடங்கள் சிலவற்றை 30,500 ஆக உயர்த்திவிட்டால் சட்டத்தின் வரம்புக்கு வெளியே போய்விடலாம் என்று கணக்குப் பிரிவு சொன்னது. கூட்டிக் கொடுக்கும் பணத்துக்கு ஈடாக இரண்டு ஆண்டு முன் அனுபவம் கட்டாயம் என்று தகுதியும் உயர்ந்தது. ஐ.டி.ஐ. முடித்து நேராக வரும் உள்ளூர் இளைஞன், எந்தச் சட்டம் தனக்குக் கதவைத் திறக்கும் என்று நம்பினானோ, அதே சட்டத்தால் அந்த வரிசையிலேயே நிற்க முடியாமல் போனான். சம்பளத்தை உயர்த்த வழியில்லாத இடங்கள் ஒப்பந்ததாரர்களிடம் சென்றன. அவர்களில் ஒருவர், ஒரே வேலையைச் சிறு சிறு ஒப்பந்தங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் பத்துப் பேருக்குக் குறைவாகக் காட்டிவிடலாம் என்று எங்களிடமே யோசனை சொன்னார். அந்தத் துணிச்சலை மட்டும் என்னால் இன்றும் மறக்க முடியவில்லை.

சட்டத்தின் ஒரு பிரிவு இன்னும் விசித்திரமானது. உள்ளூர்ப் பணியாளர்களில் எந்த ஒரு மாவட்டத்தைச் சேர்ந்தவர்களையும் பத்து விழுக்காட்டுக்குள் நிறுத்திக்கொள்ள நிறுவனத்துக்கு அது அனுமதி அளித்தது. நூறு இடங்கள் இருந்தால் எழுபத்தைந்து ஹரியானாக்காரர்களுக்கு; அவற்றுள் ஆலை நிற்கும் குருகிராம் மாவட்டத்துக்கு ஏழோ எட்டோ போதும். ஊர்க்காரர்கள் திரண்டுவிடுவார்கள் என்ற முதலாளிகளின் பழைய பயத்துக்குச் சட்டமே இடம் கொடுத்ததாகத்தான் நான் அதை வாசித்தேன். நிலத்தை இழந்த கிராமத்துக்கு அதனால் கிடைத்தது மிகக் குறைவு.

அந்தக் கிராமங்கள் எதை வைத்துப் பிழைக்கின்றன என்பதைச் சட்டம் எழுதியவர்கள் கவனித்தார்களா என்பது எனக்கு ஐயம்தான். காசன் போன்ற ஊர்களில், இழப்பீட்டுப் பணத்தில் கட்டிய மூன்று நான்கு மாடிக் கட்டடங்களில், நீண்ட நடைவழியின் இருபுறமும் பத்துக்குப் பத்து அறைகள் வரிசையாக இருக்கும். கோடியில் பொதுக் குளியலறை. பீகார், உத்தரப் பிரதேசம், ஒடிசாவிலிருந்து வந்தவர்கள் அறைக்கு மூவர் நால்வராகத் தங்குவார்கள். பல இடங்களில் கீழ்த்தளத்து மளிகைக் கடையும் வீட்டுக்காரருடையதே. தன் மகனுக்கு வேலை கேட்டு என்னிடம் வந்த ஒரு பெரியவர், சட்டத்தை மனதாரப் பாராட்டிவிட்டு, வெளியூர்ப் பையன்கள் போய்விட்டால் அறைகளுக்கு யார் வருவார்கள் என்றும் அதே மூச்சில் கேட்டார். மகனின் சம்பளம், பத்து அறைகளின் வாடகை, இரண்டும் அவருக்கு வேண்டியிருந்தது.

பஞ்சாப்–ஹரியானா உயர் நீதிமன்றம் 2022 பிப்ரவரி 3 அன்று விதித்த இடைக்காலத் தடையை இரு வாரங்களில் உச்ச நீதிமன்றம் நீக்கியது. பின்னர் 2023 நவம்பர் 17 அன்று, அரசமைப்புக்கு முரணானது என்று உயர் நீதிமன்றம் சட்டத்தையே ரத்து செய்தது. தீர்ப்பு வந்த வாரம், ஒப்பந்ததாரர்களிடம் கொடுத்த இடங்களை நிரந்தரப் பட்டியலுக்குத் திரும்பக் கொண்டுவரலாமா என்று நான் ஒரு குறிப்பு அனுப்பினேன். செலவு குறைந்திருக்கிறது, அப்படியே இருக்கட்டும் என்று பதில் வந்தது. தகுதியான உள்ளூர் ஆட்கள் இல்லையென்று விலக்குக் கோரும் நிறுவனத்தை, உள்ளூர் ஆட்களுக்குப் பயிற்சி கொடுக்கும்படி அதிகாரி பணிக்கலாம் என்றும் அச்சட்டத்தில் ஒரு வழி இருந்தது. எங்கள் கூட்டங்களில் அதைப் பற்றி யாரும் ஒரு முறைகூடப் பேசவில்லை.