எஅ: ஹவாயில் நான் தேடிப் போன ஒரு சொல்

ஹவாயில் இறங்கும் எவரும் முதலில் கேட்பது ‘அலோஹா’தான். விமான நிலையத்தில், ஹோட்டலில், கடைகளில் தொங்கும் சட்டைகளில் எங்கும் அதுதான். நல்ல சொல். ஆனால் அந்தத் தீவுகளில் என் மனதைப் பிடித்துக்கொண்ட சொல் வேறு. ‘எஅ’. எ, அ இரண்டையும் ஒரே மூச்சில் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

மெய்யெழுத்தே இல்லாத சொல். ஹவாய் மொழிக்கு இது புதிதல்ல. மொத்தமே 13 எழுத்துகள்: ஐந்து உயிர், ஏழு மெய், அப்புறம் தொண்டையில் சட்டென்று ஒலியை நிறுத்துகிற ‘ஓகினா’. அந்த ஓகினாவை முன்னால் வைத்து ‘எஅ’ என்றால் அது அழுங்காமை என்கிற கடலாமை. குழந்தைகளுக்கு நாக்கில் வெள்ளை படிகிற நோய்க்கும் அதே பெயர். நான் தேடிப் போனது ஓகினா இல்லாத எஅ.

மூச்சு, காற்று, நீராவி, புகை, உயிர், எழும்புதல் எல்லாமே எஅ. இந்தப் பொருள்களை நான் நேரில் பார்த்த இடம் பெரிய தீவில் இருக்கும் எரிமலைத் தேசியப் பூங்கா. கிலவெயா எரிமலையின் விளிம்பில் தரை வெடித்துக் கிடக்கிறது. வெடிப்புகளிலிருந்து வெண்ணிறமாக ஆவி வந்துகொண்டே இருக்கிறது. மழைநீர் உள்ளே இறங்கி, சூடான பாறையைத் தொட்டு, ஆவியாகித் திரும்புகிறது. கொஞ்சம் ஆழம் போனாலே மண் கொதிப்பதால் அந்த இடத்தில் மரம் வேரூன்ற முடியாது. வேர் ஆழம் போகாத புல்லும் சிறு செடிகளும்தான். காலையில் குளிராக இருந்தது. கம்பித் தடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். காற்று திரும்பியதும் ஆவி முகத்தில் அடித்தது, கண்ணாடி முழுக்க ஈரம். தமிழ் தெரிந்தவருக்கு இந்த இடத்தில் விளக்கமே வேண்டாம். இட்லிப் பானையிலிருந்து வருவதும் ஆவி, உடலை விட்டுப் பிரிவதும் ஆவி.

‘எழும்புதல்’ என்ற பொருளுக்கும் சான்று அருகிலேயே இருக்கிறது. தீவுகள் கடலிலிருந்து எழுந்து வருவதைப் பாடும் பழைய வம்சாவளிப் பாடல் ஒன்று ‘எஅ மாய்’ என்றுதான் தொடங்குகிறது. இந்தத் தீவின் தென்கிழக்குக் கரையிலிருந்து சுமார் 35 கிலோமீட்டர் தள்ளி, கடலுக்கடியில் இன்னொரு எரிமலை வளர்ந்துகொண்டிருக்கிறது. அதன் உச்சி கடல்மட்டத்துக்கு ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் கீழே. பாடியவர்கள் சரியான வினைச்சொல்லைத்தான் எடுத்திருக்கிறார்கள்.

இதுவரை எதுவும் புதிராக இல்லை. புதிர் அகராதியில் இருந்தது. மேரி கவெனா புகுயியும் சாமுவேல் எல்பர்ட்டும் தொகுத்த ஹவாய் அகராதியைப் புத்தகக் கடையில் புரட்டினேன். எஅ என்ற சொல்லுக்கு முதலில் போட்டிருக்கும் பொருள் இறையாண்மை, ஆட்சி, விடுதலை. மூச்சும் உயிரும் அதற்கு அடுத்துதான் வருகின்றன. நீராவிக்கும் ஆட்சிக்கும் என்ன உறவு? அதற்கு விடை கிடைத்தது தலைநகர் ஹொனலுலுவில்.

ஹவாய் அரசர்கள் வாழ்ந்த இயோலானி அரண்மனையின் வாயிற்கதவில் அரச முத்திரை பதித்திருக்கிறது. அதில் உள்ள வாசகம்: ‘உஆ மௌ கெ எஅ ஒ கா ஆய்னா இ கா பொனோ’. ஆய்னா என்றால் நிலம், பொனோ என்றால் நேர்மை, முறை. மாநில அரசின் ஆங்கில மொழிபெயர்ப்பு இதை ‘நிலத்தின் உயிர் நேர்மையால் நிலைத்திருக்கிறது’ என்கிறது. அழகான வாக்கியம்தான். ஆனால் இந்த வாசகம் எந்த நாளில் பிறந்தது என்று தெரிந்தபின் ‘உயிர்’ மட்டும் எனக்குப் போதவில்லை.

1843 பிப்ரவரியில் ஜார்ஜ் பாலெட் பிரபு என்ற பிரிட்டிஷ் கப்பற்படை அதிகாரி ஒரு போர்க்கப்பலோடு ஹொனலுலு துறைமுகத்துக்கு வந்தார். பிரிட்டிஷ்காரர்களின் நிலத் தகராறுகளைக் காரணம் காட்டி, கேட்டதைக் கொடுக்காவிட்டால் ஊரைப் பீரங்கியால் தாக்குவேன் என்று மிரட்டினார். மன்னர் மூன்றாம் கமெஹமெஹா எதிர்ப்பைப் பதிவு செய்துவிட்டு, பிப்ரவரி 25 அன்று ஆட்சியை ஒப்படைத்தார். மக்கள் முன் அவர் சொன்னது இதுதான்: நம் நிலத்தின் எஅவைக் கொடுத்துவிட்டேன், என் பக்க நியாயம் தெளிவாகும்போது அது திரும்பும் என்று நம்புகிறேன். பாலெட் ஹவாய்க் கொடிகளை அழித்தார். ஐந்து மாதம் கழித்து அவருக்கு மேலதிகாரியான அட்மிரல் ரிச்சர்டு தாமஸ் வந்து, நடந்தது தவறு என்று ஜூலை 31 அன்று ஹவாய்க் கொடியைத் திரும்ப ஏற்றினார். அன்றே கவாயஹாஓ தேவாலயத்தில் மன்னர் அந்த வாசகத்தைச் சொன்னார்.

பிப்ரவரியில் கொடுத்ததும் ஜூலையில் திரும்பியதும் ஒரே எஅ. உயிரை யாரும் கையெழுத்துப் போட்டு ஒப்படைக்க முடியாது, ஆட்சியை முடியும். ஆனால் வெறும் ஆட்சி என்றும் அவர் நினைத்திருக்கவில்லை. மண் தன் மூச்சைத் தானே விடுவதுதான் அவர் சொன்ன ஆட்சி என்று எனக்குப் படுகிறது. ஆங்கில வாசகம் உயிரை வைத்துக்கொண்டு ஆட்சியைக் கழற்றிவிட்டது. இது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது. 1959-ல் ஹவாய் அமெரிக்க மாநிலமானபோது அதே வாசகம் மாநிலக் குறிக்கோளானது. இழந்த அரசின் முத்திரை வாசகத்தையே புதிய அரசு எடுத்துக்கொண்டது.

அரண்மனைக்கு எதிரே கொஞ்சம் தள்ளித்தான் அந்தத் தேவாலயம். கடலுக்குள் மூழ்கி வெட்டியெடுத்த சுமார் 14,000 பவளப்பாறைக் கற்களால் கட்டியது. சுவரை நெருங்கிப் பார்த்தால் கல்லில் பவளத்தின் சிறு துளைகள் தெரிகின்றன. கிங் தெருவிலேயே கிழக்கே நடந்தால், கொடி திரும்ப ஏறிய இடம் வருகிறது. அதை மீட்டுக் கொடுத்தவர் பெயரிலேயே தாமஸ் சதுக்கம் என்கிறார்கள். விழுதுவிட்ட பெரிய ஆலமரங்கள், நடுவில் நீரூற்று. 2018-ல் மூன்றாம் கமெஹமெஹாவுக்கு வெண்கலச் சிலையும் வைத்திருக்கிறார்கள்.

எஅ மறுபடி பறிபோனது 1893-ல். ராணி லிலியுவோகலானியை ஆட்சியிலிருந்து இறக்கினார்கள். 1895-ல் அதே அரண்மனையின் மாடி அறை ஒன்றில் அவரைச் சிறை வைத்தார்கள். அங்கே அவர் தைக்கத் தொடங்கிய ஒட்டுத்துணிப் போர்வை இன்றும் காட்சிக்கு இருக்கிறது. அதன் முன்னால் நான் வெகுநேரம் நின்றேன். 1896-ல் பள்ளிகளில் ஆங்கிலம்தான் பயிற்றுமொழி என்று சட்டம் வந்தது. வீட்டில் பேசிய மொழி ஒரு தலைமுறைக்குள் தேயத் தொடங்கியது. 1978-ல் அது மறுபடி அரசு மொழியானது. 1984-ல் கவாய் தீவில், முழுக்க ஹவாய் மொழியிலேயே நடக்கும் மழலையர் பள்ளி திறந்தது.

ஜூலை 31-ஐ ‘லா ஹொஇஹொஇ எஅ’ என்கிறார்கள், அதாவது எஅ திரும்பிய நாள். அரசர்கள் காலத்தில் பொதுவிடுமுறை. ஆட்சி போனபின் வழக்கொழிந்ததை, 1985-ல் மருத்துவர் கெகுனி பிளேஸ்டெல் தாமஸ் சதுக்கத்தில் திரும்பத் தொடங்கி வைத்தார். இன்று அந்த விழாவுக்கு வருபவர்கள் எஅ என்று சொல்லும்போது மூச்சையும் மண்ணையும் விடுதலையையும் சேர்த்தே சொல்கிறார்கள். ஜூலைக் கடைசியில் ஹொனலுலு போகிறவர்கள் கடற்கரையை ஒரு நாள் தள்ளிவைத்துவிட்டுச் சதுக்கத்துக்குப் போங்கள். அரண்மனைக்கு முன்பதிவு செய்துகொள்வது நல்லது. உள்ளே போக, செருப்புக்கு மேல் துணியுறை மாட்டச் சொல்வார்கள். வெளியே வரும்போது வாயிற்கதவின் முத்திரையை நின்று படியுங்கள், ஹவாய் மொழியிலேயே.