ஆங்கிலத்தில் ஒரு சொல், செக்கில் நாலு சொல்: நான் படித்த வழி

செக் குடியரசில் நிரந்தர வசிப்புரிமைக்கு விண்ணப்பிக்கும் பெரும்பாலோர் செக் மொழித் தேர்வில் தேற வேண்டும். மொழித் திறனை அளக்கும் ஐரோப்பிய அளவுகோலில் ஏ1 தொடக்க நிலை, ஏ2 அடுத்த படி, பி1 அதற்கும் மேல். முன்பு ஏ1 போதுமாக இருந்தது. 2021 செப்டம்பரிலிருந்து ஏ2 கேட்கிறார்கள். குடியுரிமைக்கு பி1. படிக்க வருகிறவர்களுக்கும் செக் மேல் ஒரு கண் உண்டு, ஏனென்றால் அரசுப் பல்கலைக்கழகங்களில் செக் வழியில் படித்தால் எந்த நாட்டவருக்கும் கல்விக் கட்டணம் கிடையாது. நான் ஏ2 எழுதி, அப்புறம் பி1-க்கும் படித்தேன். தமிழ்நாட்டிலிருந்து வந்து இந்த மொழியைத் தொடங்கும் எல்லோருக்கும் ஒரு விஷயம் பொது: நாம் செக்கை ஆங்கிலம் வழியாகத்தான் படிக்கிறோம். வகுப்பில் விளக்கம் ஆங்கிலத்தில், புத்தகத்தின் கடைசியில் இருக்கும் சொற்பட்டியல் ஆங்கிலத்தில், கைப்பேசி அகராதியும் ஆங்கிலம்தான். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. ஓர் ஆங்கிலச் சொல்லுக்கு நாலு பொருள் இருந்தால் செக்கில் நாலு தனிச் சொற்கள் வந்து நிற்கும், எதை எடுப்பது என்று அகராதி சொல்லாது.

என் அனுபவத்தில் இதற்கு நல்ல மருந்து நம் தமிழிலேயே இருக்கிறது. ஆங்கிலச் சொல்லைப் பார்த்ததும் செக்குக்குத் தாவாமல், இதே வாக்கியத்தை வீட்டில் எப்படிச் சொல்வோம் என்று ஒரு நிமிடம் யோசித்தால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும். எப்படி என்று உதாரணத்தோடு சொல்கிறேன். செக் சொற்களைத் தமிழ் எழுத்தில் தோராயமாகத்தான் எழுத முடிகிறது. எழுத்துக்கூட்டலை அகராதியில் பார்த்துக்கொள்ளுங்கள், உச்சரிப்பைக் காதால் கேட்டுப் பழகுங்கள்.

முதலில் ஒன்று: பெயர்ச்சொற்களுக்கு அவ்வளவு பயப்பட வேண்டாம். ஆங்கிலத்தில் 'ஸ்பிரிங்' என்றால் வசந்தகாலம், ஊற்று, சுருள்வில் மூன்றும்தான். செக்கில் யரொ, ப்ரமென், ப்ருஷினா. 'லெட்டர்' என்றால் கடிதமும் எழுத்தும். செக்கில் தொபிஸ், பீஸ்மெனொ. தமிழிலும் இவை தனித்தனிச் சொற்கள் என்பதால் நமக்குக் குழப்பமே வராது, ஒரு வாரத்தில் மனதில் நின்றுவிடும். காலத்தைப் பற்றிய சொற்களும் அப்படியே. ஆங்கிலத்தின் 'டைம்' செக்கில் உடைகிற இடங்களில் தமிழிலும் உடைகிறது: நேரம் என்றால் ச்சஸ், காலகட்டம் என்றால் தொபா, தடவை என்றால் எண்ணோடு ஒட்டி வரும் க்ராத் (த்வக்ராத் என்றால் இரண்டு தடவை). "கொலிக் யெ ஹொதின்?" என்று கேட்டால் "மணி எத்தனை?" என்று நாம் கேட்பது போலவேதான், எண்ணிக்கையைக் கேட்கிறார்கள்.

உழைப்பு தேவைப்படுவது வினைச்சொற்களுக்குத்தான். அதிலும் ஒரு வினைக்கு நான் மற்ற எதற்கும் கொடுக்காத நேரத்தைக் கொடுத்தேன். அது ஆங்கிலத்தின் 'லைக்'. ஏ2 பேச்சுத் தேர்வில் உங்களைப் பற்றி, ஊரைப் பற்றி, சாப்பாட்டைப் பற்றிப் பேசும்போது இது இல்லாமல் ஒரு நிமிடம்கூடத் தாண்ட முடியாது. செக்கில் அது இப்படிப் பிரிகிறது. பார்த்ததும் பிடித்துப்போன ஊர், வீடு, சட்டை, படம் என்றால் "லீபீ ஸெ மி". நாக்குக்குப் பிடித்தது என்றால் "ஹுத்னா மி". ஒருவர் மேல் பாசம், நீண்ட நாள் விருப்பம் என்றால் "மாம் ராத்", சொல்கிறவர் பெண் என்றால் "மாம் ராதா". ஒரு செயலைச் செய்யப் பிடிக்கும் என்றால் அந்த வினையோடு ராத் அல்லது ராதா சேர்ந்தால் போதும்: "ராத் ச்து" என்றால் எனக்குப் படிக்கப் பிடிக்கும். கடையில் நின்று "எனக்கு இது வேண்டும்" என்று மரியாதையாகக் கேட்க "ஹ்த்யெல் பிஹ்", பெண் என்றால் "ஹ்த்யெலா பிஹ்". 'அவனைப் போல' என்பதற்கு வரும் 'லைக்' வேறு, அது யகொ.

இதில் முதல் இரண்டையும் உற்றுப் பாருங்கள். 'மி' என்றால் எனக்கு. "லீபீ ஸெ மி புர்னோ" என்பது சொல்லுக்குச் சொல் "எனக்கு புர்னோ பிடித்திருக்கிறது" தான். ஆங்கிலத்தில் 'நான்' எழுவாயாக உட்கார்ந்திருக்கிறது, தமிழிலும் செக்கிலும் ஊர்தான் எழுவாய், நான் 'எனக்கு' ஆகிவிடுகிறேன். இதைக் கவனித்த பிறகு எனக்குச் செக் மேல் தனிப் பிரியமே வந்துவிட்டது. எனக்குக் குளிர்கிறது என்பது "யெ மி ஸிமா". எனக்கு முப்பது வயது என்பது "யெ மி த்ர்ஷித்ஸெத் லெத்". வீட்டு ஏக்கமாக இருக்கிறது என்பது "ஸ்தீஸ்கா ஸெ மி பொ தொமொவ்யெ". எல்லாவற்றிலும் அந்த 'மி'. ஆங்கிலம் வழியாக வந்தால் ஒவ்வொன்றையும் விதிவிலக்காக மனப்பாடம் செய்ய வேண்டியிருக்கும். தமிழ் வழியாக வந்தால் இவை நம் வாக்கியங்களே.

குளிர் என்றதும் இன்னொன்று. ஆங்கிலத்தின் 'கோல்டு' உடம்பில் உணரும் குளிருக்கு ஸிமா (குளிர்காலத்துக்கும் அதே சொல்), தண்ணீர் போன்ற பொருளுக்கு ஸ்துதெனீ, மூக்கு ஒழுகும் சளிக்கு ரீமா. 'ஹாட்' என்பது சூடா, காரமா என்று நாம் தமிழில் குழம்புவதே இல்லை. செக்கிலும் ஹொர்கீ வேறு, பாலிவீ வேறு. உணவகத்தில் மிளகாய் போட்டதா என்று கேட்க நினைப்பவர் இரண்டாவதைக் கேட்க வேண்டும்.

சரி, தமிழும் ஆங்கிலத்தைப் போல ஒரே சொல்லை வைத்திருந்தால் என்ன செய்வது? 'நோ' என்ற ஆங்கில வினைக்கு நம்மிடம் 'தெரியும்' ஒன்றுதான். செக்கில் மூன்று: வ்யெத்யெத், ஸ்நாத், உம்நியெத். இங்கே சொல்லை விட்டுவிட்டுத் தமிழ் வாக்கியத்தின் உருவத்தைப் பார்க்க வேண்டும். 'அவர் வந்துவிட்டார் என்று தெரியும்', 'கடை எங்கே என்று தெரியும்' என 'என்று' வந்தால் வ்யெத்யெத். 'அவரைத் தெரியும்', 'இந்த ஊரைத் தெரியும்' என்று ஐ உருபு வந்தால் ஸ்நாத். 'நீந்தத் தெரியும்', 'சமைக்கத் தெரியும்' என்று செய எச்சம் வந்தால் உம்நியெத். மொழி தெரியும் என்பதும் மூன்றாவது கணக்குதான், "உம்நீம் செஸ்கி" என்றால் எனக்குச் செக் தெரியும். இந்த மூன்று அடையாளங்களும் ஏ2 அளவுக்கு ஏறக்குறைய எல்லா இடத்திலும் சரியாக வரும்.

'கேள்' இன்னும் சிக்கலானது. ஆங்கிலத்தின் 'ஆஸ்க்' இரண்டு பொருளோடு நின்றுவிடுகிறது, நம் 'கேள்' காதால் கேட்பதையும் சேர்த்துக்கொள்கிறது. சந்தேகம் கேட்பது ப்தாத் ஸெ, உதவி கேட்பது ப்ரொஸித், பாட்டுக் கேட்பது பொஸ்லௌஹத், சத்தம் காதில் விழுவது ஸ்லிஷெத். இங்கே தமிழ் கைகொடுக்காது, தனியாக உட்கார்ந்து பழக வேண்டியதுதான்.

'கோ' என்பதற்குச் செக்கில் நாலு வினைகள் என்பதைக் கேட்டதுமே பலர் சோர்ந்துபோகிறார்கள். இரண்டே கேள்விதான். நடந்தா, வண்டியிலா? இந்த ஒரு தடவையா, வழக்கமாகவா? இப்போது நடந்து போவது யீத், வண்டியில் போவது யெத், வழக்கமாக நடந்து போவது ஹொதித், வழக்கமாக வண்டியில் போவது யெஸ்தித். ஒரு கூடுதல் குறிப்பு: பள்ளிக்குப் போகிறான், அதாவது அங்கே படிக்கிறான் என்னும்போது தினமும் பேருந்தில் போனாலும் ஹொதித் தான்.

எங்கே போகிறோம் என்பதிலும் அதே கதை. ஆங்கிலத்தின் 'டு' செக்கில் மூன்றாகப் பிரிகிறது. வங்கிக்கு என்றால் "தொ பன்கி", தபால் நிலையத்துக்கு என்றால் "ந பொஷ்து", டாக்டரிடம் என்றால் "க் லேகர்ஷி". கடைசியதைப் பாருங்கள், ஆளிடம் போவதற்குத் தமிழிலும் தனி உருபு. முதல் இரண்டுக்கும் இடையில் எது என்பதை இடத்தின் பெயரோடு சேர்த்தே படித்துவிடுங்கள், காரணம் தேடிக்கொண்டிருந்தால் நேரம்தான் வீணாகும்.

தேர்வைத் தாண்டி அன்றாடத்துக்கும் உதவுகிற ஒரு சொல் 'ஃப்ரீ'. இருக்கை காலியாக இருக்கிறதா என்று ரயிலில் கேட்க "யெ து வொல்னொ?". காசு வேண்டாம் என்றால் ஸ்தர்மா. விடுதலையான நாடு, விடுதலையான மனிதன் என்றால் ஸ்வொபொத்னீ. ஆனால் அரசுப் படிவத்தில் குடும்ப நிலை என்ற கட்டத்தில் இதே ஸ்வொபொத்னீ திருமணம் ஆகாதவரைக் குறிக்கும், பெண் என்றால் ஸ்வொபொத்னா. திருமணம் ஆனவர் ஆண் என்றால் ஷெனதீ, பெண் என்றால் வ்தனா, இரண்டும் வேறு வேர்ச்சொற்கள். இவ்வளவும் படித்த பிறகு கச்சேரிச் சுவரொட்டியில் "வ்ஸ்துப் வொல்னீ" என்று பார்ப்பீர்கள். அங்கே வொல்னீ என்பதற்கு நுழைவு இலவசம் என்று பொருள். அதனால்தான் தனிச் சொல்லுக்குத் தனிப் பொருள் என்று எழுதிவைப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. வாக்கியமாகத்தான் எழுதிவைக்க வேண்டும். என் குறிப்பேட்டில் இடப்பக்கம் நான் வீட்டில் பேசுகிற மாதிரி ஒரு தமிழ் வாக்கியம், வலப்பக்கம் அதற்குச் செக் வாக்கியம். ஆங்கிலம் எங்கும் இல்லை.

வேற்றுமை எண்களில் மட்டும் தமிழ் இலக்கணம் நன்றாகப் படித்தவர்கள் கவனமாக இருங்கள். செக்கர்களும் நம்மைப் போலவே முதல் வேற்றுமை, இரண்டாம் வேற்றுமை என்று எண்ணித்தான் பள்ளியில் படிக்கிறார்கள். நமக்கு எட்டு, அவர்களுக்கு ஏழு. ஆனால் வரிசை வேறு. நமக்கு 'ஐ' இரண்டாவது, 'கு' நான்காவது. அவர்களுக்கு 'யாருக்கு' என்பது மூன்றாவது, 'யாரை' என்பது நான்காவது. ஆசிரியர் நான்காம் வேற்றுமை என்று சொன்னால் நம் மனம் 'கு'வுக்குப் போய்விடும். எண்ணை விட்டுவிட்டுக் கேள்விச் சொல்லைப் பிடித்துக்கொள்வது நல்லது: கொமு என்றால் யாருக்கு, கொஹொ என்றால் யாரை. செக் அகராதிகளும் வினைக்குப் பக்கத்தில் இப்படிக் கேள்விச் சொற்களையோ 'யாரோ, எதோ' என்பவற்றின் வேற்றுமை வடிவங்களையோ போட்டுத்தான் அந்த வினை எதைக் கேட்கும் என்று காட்டுகின்றன. பலர் அதைப் பார்க்காமலே தாண்டிவிடுகிறார்கள், அது பெரிய இழப்பு.

அதைப் பார்க்க வேண்டியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. தமிழ் எப்போதும் ஒத்துவராது. அம்மாவுக்கு உதவுகிறேன் என்பதில் இரு மொழியும் ஒன்றுபோலவே இருக்கும், பொமாஹத் என்ற வினை கொமு கேட்கும். உன்னை நம்புகிறேன் என்பதில் நமக்கு 'ஐ', செக்கில் வ்யெர்ஷித் 'கு' கேட்கும். எனக்குத் தலை வலிக்கிறது என்பதில் தலைகீழ்: செக்கில் "பொலீ ம்நியெ ஹ்லவா", அதாவது தலை என்னை வலிக்கிறது. மேலே சொன்ன 'மி' வாக்கியங்களைப் படித்த உற்சாகத்தில் இங்கேயும் 'மி' போட்டுவிடக் கூடாது.

கருவிகளில் மூன்றைச் சொல்வேன். செஸ்நம் நிறுவனத்தின் இணைய அகராதி அன்றாடத்துக்குப் போதும். செக் அறிவியல் கழகத்தின் செக் மொழி நிறுவனம் நடத்தும் இணையக் கையேட்டில் ஒரு சொல்லைப் போட்டால் அதன் எல்லா வேற்றுமை வடிவங்களும் அட்டவணையாக வரும். சார்லஸ் பல்கலைக்கழகத்தின் செக் தேசிய மொழித்தொகுப்பில் 'ட்ரெக்' என்று ஒரு வசதி இருக்கிறது. ஓர் ஆங்கிலச் சொல்லைக் கொடுத்தால், மொழிபெயர்க்கப்பட்ட நூல்களிலும் பிற பனுவல்களிலும் அதற்கு எந்தெந்தச் செக் சொற்கள் எத்தனை முறை வந்திருக்கின்றன என்று காட்டும். பல பொருள் உள்ள சொல்லுக்கு இதைவிடப் பயனுள்ள ஒன்றை நான் பார்க்கவில்லை. பி1-க்குப் படிக்கும்போது புதுச் சொல் ஒவ்வொன்றையும் அங்கே ஒரு முறை போட்டுப் பார்த்த பிறகே குறிப்பேட்டில் ஏற்றினேன்.

பி1-க்குப் போகிறவர்களுக்கு இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. பெரும்பாலான செக் வினைகள் ஜோடியாக வரும், ஆங்கில அகராதி இரண்டுக்கும் ஒரே சொல்லைத்தான் போடும். வாங்கு என்பதற்கு குபொவத் என்றும் கௌபித் என்றும் இருக்கும். முதலாவது வாங்கிக்கொண்டிருப்பது, வழக்கமாக வாங்குவது. இரண்டாவது வாங்கி முடிப்பது, நாம் 'வாங்கிவிட்டேன்' என்பதற்கு ஓரளவு நெருக்கம். ஓரளவுதான், ஏனென்றால் இரண்டாவதன் நிகழ்கால உருவம் செக்கில் எதிர்காலப் பொருள் தரும்: "கௌபீம்" என்றால் வாங்குவேன். அதனால் குறிப்பேட்டில் ஜோடியின் இரண்டு வினைகளையும் அடுத்தடுத்த வரியில், ஒவ்வொன்றுக்கும் நேற்று நடந்தது ஒரு வாக்கியம், நாளை நடக்கப்போவது ஒரு வாக்கியம் என்று எழுதுங்கள். தேர்வில் கடிதம் எழுதும் பகுதிக்கு இந்த வாக்கியங்களையே கொஞ்சம் மாற்றிப் பயன்படுத்திக்கொள்ளலாம்.