ஆற்றின் பெயரை எங்கிருந்து எழுதுவது

நெல்லைச் சீமையில் நீர்ப்பாசனப் பணிகளுக்கு வரைபடம் தயாரிக்கும் வரைதொழில் அலுவலராக நான் பணியாற்றிய காலத்தில், என் மேசைக்கு மிகுதியாக வந்த ஆறு தாமிரபரணிதான். ஒரே உயரத்து இடங்களை இணைக்கும் சமவுயரக் கோடுகள் மலையை நோக்கி உள்வாங்கி வளையும் இடங்களைத் தொடர்ந்து சென்றால் நீரோடும் வழி தெளிவாகிவிடும் என்பதால், ஓர் ஆற்றை நீலக் கோடாக வரைவதில் பெரிய சிக்கல் இல்லை. அந்தக் கோட்டின் மேல் ஆற்றின் பெயரை எந்த இடத்திலிருந்து எழுதத் தொடங்குவது என்ற கேள்விக்கே மூத்த அலுவலர்களும் ஆளுக்கொரு விடை வைத்திருந்தார்கள்.

1,868 மீட்டர் உயர்ந்து நிற்கும் பொதிகையின் மேற்குச் சரிவில் பெய்யும் மழை நெய்யாறாகக் கேரளத்துக்குள் இறங்குகிறது. கிழக்குச் சரிவில் பூங்குளம் என்னும் இடத்தைத் தாமிரபரணியின் தலையூற்றாகக் கொள்வது வழக்கம். ஆனால் அங்கிருந்து வரும் நீர் மட்டுமே ஆறாகிவிடுவதில்லை. பேயாறு, உள்ளாறு, பாம்பாறு, காரையாறு என்று சோலைக்காடுகளுக்குள்ளிருந்து வரும் ஆறுகள் சேர்ந்த பிறகே அது பேராறாகிறது. தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் ஒருசேர நனைக்கும் மலை என்பதால் இவற்றுள் பலவும் கோடையிலும் முற்றாக வறள்வதில்லை. எது தாய் ஆறு, எவை துணையாறுகள் என்று முடிவு செய்ய நீளத்தை அளக்கலாம், நீர்ப்பிடிப்புப் பரப்பைக் கணக்கிடலாம், ஓடும் நீரின் அளவைப் பார்க்கலாம்; மூன்றும் ஒரே விடையைத் தர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. மக்கள் பன்னெடுங்காலமாகப் பொதிகையைத்தான் பிறப்பிடம் என்று சொல்லி வந்திருக்கிறார்கள். அந்த வழக்கையே வரைபடமும் பின்பற்ற வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

பெயர் வைப்பதன் விளைவு அணையில் நன்றாகத் தெரியும். 143 அடி கொள்ளளவு உயரம் கொண்ட அணை அரசுப் பதிவேட்டில் பாபநாசம் அணை. மலைப்பாதையில் பேருந்தேறிச் சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குப் போகும் எவருக்கும் அது காரையாறு அணை. பாபநாசம் ஊரோ மலையடிவாரத்தில் இருக்கிறது. காரையாறோ அந்த நீர்த்தேக்கத்துக்கு வந்து சேரும் ஆறுகளில் ஒன்று. இப்படித் தாமிரபரணிக்குக் குறுக்கே நிற்கும் அணை, அடிவாரத்து ஊரின் பெயரையும் துணையாற்றின் பெயரையும் தாங்கியிருக்கிறது. புதிதாகப் பணியில் சேரும் இளைஞர்கள் இரண்டு பெயரையும் கண்டு இரண்டு அணைகளைத் தேடுவதைப் பார்த்திருக்கிறேன். பக்கத்தில் 156 அடி சேர்வலாறு அணை இருப்பதும், இரண்டு நீர்த்தேக்கங்களையும் ஒரு சுரங்கவழி இணைப்பதும் குழப்பத்தைக் கூட்டும். கார், பிசானம் என்னும் இரு நெற்பருவங்களுக்கும் காத்திருக்கும் விவசாயிகள் நாள்தோறும் செய்தித்தாளில் பார்க்கும் எண்கள் இவை. எனவே எந்தப் பெயர் எந்த நீரைக் குறிக்கிறது என்பதில் ஐயம் இருக்கலாகாது.

அணைக்கு மேலே உள்ள காட்டுக்குள் சென்றபோதுதான் வரைபடம் எவ்வளவு குறைவாகப் பேசுகிறது என்பதை உணர்ந்தேன். வழிகாட்டியாக வந்த, காணிப் பழங்குடியைச் சேர்ந்த பெரியவர் ஆற்றுக்கு முழுநீளப் பெயர் எதையும் சொல்லவில்லை. பாறை, கயம் (ஆழமான மடு), கடவு (ஆற்றைக் கடக்கும் இடம்), ஒரு பெருமரம் நிற்கும் வளைவு என்று துண்டு துண்டாகப் பெயர் சொல்லிக்கொண்டே நடந்தார். “மொத்தத்துக்கும் ஒரு பேரு சொன்னா, எந்த எடத்துல நிக்கோம்னு எப்படித் தெரியும் சார்?” என்று அவர் கேட்டது மிகச் சரியான கேள்வி. வெள்ளம் வரும் நாளில் எந்த இடத்தில் கடக்கலாம், எங்கே யானை இறங்கும் என்ற அறிவு முழுவதும் அந்தச் சிறு பெயர்களில்தான் இருக்கிறது. 1:50,000 அளவுத் தாளில் ஒரு கிலோமீட்டர் நிலம் இரண்டு சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடும். அதற்குள் ஐந்தாறு பெயர்களை எழுத இடம் ஏது? சின்ன மயிலாறு, பெரிய மயிலாறு, சேர்வலாறு எனக் காணிக் குடியிருப்புகளே ஆற்றுப் பெயரைத் தாங்கியிருப்பதால் சில பெயர்கள் மட்டும் தாளில் தப்பின. அணைக்கு மேலுள்ள அருவியின் பெயர்கூடச் சிலர் எழுத்தில் பாணதீர்த்தம், வேறு சிலர் எழுத்தில் வானதீர்த்தம்.

பெரிய பெயருக்கும் இத்தகைய வரலாறு உண்டு. நம்மாழ்வார் பாசுரத்தில் இந்த ஆறு பொருநல். நூல்களிலும் மேடைகளிலும் பொருநை. தாமிரபரணி என்ற பெயரிலேயே இன்னோர் ஆறும் தெற்கே இருக்கிறது. மாஞ்சோலை, குதிரைவெட்டி வழியாக மேல் கோதையாறு நோக்கிச் செல்லும்போது நீர்பிரி முகட்டின் ஒரு பக்கத்து மழை மணிமுத்தாறாகி நம் ஆற்றில் சேரும்; மறுபக்கத்து மழை கோதையாறாகிப் பறளியாற்றுடன் கூடி, குமரி மாவட்டத்தில் குழித்துறைத் தாமிரபரணி என்று ஓடித் தேங்காப்பட்டினத்தில் கடலைச் சேரும். ஒரே முகட்டின் இருபுறமும் ஒரே பெயர் என்பதால், எங்கள் கோப்புகளில் ஆற்றின் பெயருடன் மாவட்டத்தையும் எழுதும்படி நான் வற்புறுத்தி வந்தேன். தாமிரபரணியோடு ஒலியொத்த தம்பபண்ணி என்பது இலங்கையின் பழம்பெயர் என்பதை வைத்து அறிஞர்கள் நிகழ்த்தும் விவாதத்துக்குள் நான் போகவில்லை.

சமவெளிக்கு வந்துவிட்டால் பெயர்ச் சிக்கல் குறைந்துவிடுகிறது. கடனா, பச்சையாறு, சிற்றாறு என்று சேர்வன எல்லாம் தத்தம் பெயரோடு வந்து கூடுமிடத்தில் அதை விட்டுவிடுகின்றன. கடலைச் சேரும் புன்னைக்காயல் வரை பிறகு ஒரே பெயர்தான். கரையில் வாழ்கிறவர்களுக்கு அதுவும் தேவைப்படுவதில்லை. ‘ஆத்துக்குப் போறேன்’ என்றாலே போதும்.

இப்போது வரைபடங்கள் கணினிக்குள் வந்துவிட்டன. பெரிதாக்கிப் பார்க்கும்போது மட்டும் தெரியும்படி எத்தனை பெயர்களையும் பதிய முடியும் என்பதால், இடமில்லை என்று நாங்கள் சொல்லிவந்த காரணம் இனிப் பொருந்தாது. பூங்குளத்திலிருந்தே தாமிரபரணி என்று எழுதி, துணையாறுகளுக்கு அவற்றின் பெயரையும், கயங்களுக்கும் கடவுகளுக்கும் காணிகள் வழங்கும் பெயரையும் அவர்கள் ஒலிக்கும்படியே சேர்க்க வேண்டும். வேட்டைத் தடுப்புக் காவலர்கள் ரோந்து செல்லும்போது ஜி.பி.எஸ். கருவியைக் கையில் வைத்திருக்கிறார்கள். காணி முதியவர் ஒருவரை உடன் அழைத்துச் சென்றால் ஒரே நடையில் இடமும் பெயரும் பதிவாகிவிடும். நீர்த்தேக்கத்துக்கு அப்பால் தனித்திருக்கும் இஞ்சிக்குழி என்னும் காணிக் குடியிருப்பில் இந்த வேலையை முதலில் தொடங்க வேண்டும். அங்கே எஞ்சியிருக்கும் குடும்பங்கள் மிகச் சிலவே.