அந்தத் தம்பிக்கு மட்டும் ஸ்டூல்

"அந்தத் தம்பிக்கு மட்டும் ஸ்டூல் போட்டுக் குடுத்திருக்கீங்க. எனக்கும் வருசக் கணக்கா இடுப்புவலிதான். எனக்கு யாரு மேடம் கேப்பா?"

மருந்துக் குடோனில் பேக்கிங் மேசையில் நிற்கும் அக்கா கேட்டது இது. அடுத்த அட்டைப்பெட்டியை இழுத்து வைத்துக்கொண்டு, முகத்தைப் பார்க்காமலேயே இன்னொன்றும் கேட்டார்: "எம் பக்கத்துல இருக்க மாட்டேன்னுட்டானா?"

ஆட்டிசம் உள்ளவர்களை வேலையில் சேர்த்து, பழகும்வரை கூட இருந்து உதவும் ஜாப் கோச்சாக அங்கே நான் சொன்ன பதில், "முதலாளிகிட்ட கேளுங்கக்கா" என்பது மட்டும்தான். இரண்டு கேள்விக்கும் அந்த ஒரே பதில். அதைச் சரி என்று வாதாட என்னிடம் காரணங்கள் இருக்கின்றன. அவை போதுமானவையா என்பதில்தான் மனம் நிலைகொள்ளவில்லை.

முதல் காரணம் ஒரு தாள். ஆட்டிசம் உள்ள ஒருவரை வேலையில் சேர்க்குமுன் அவரோடு உட்கார்ந்து அதை நிரப்புவோம். மூன்று கட்டங்கள்: யாரிடம் சொல்லலாம், எவ்வளவு சொல்லலாம், எந்தச் சொல்லால் சொல்லலாம். முதலாளிக்கான வரிசையில் அக்கா சொன்ன அந்தத் தம்பி தன் கையால் எழுதியிருந்தார்: ஆட்டிசம் என்று சொல்லலாம், டேப் சத்தம், மினுக்கும் விளக்கு, இரண்டு பேர் ஒரே நேரத்தில் வேலை சொல்வது, இம்மூன்றும் ஆகாது என்று சொல்லலாம். உடன் வேலை பார்ப்பவர்களுக்கான வரிசையில் ஒரு கோடு இழுத்திருந்தார். கோடு என்றால் ஒன்றும் சொல்லக்கூடாது. இதற்கு முன் பார்த்த வேலையில் எல்லோருக்கும் தெரிந்த பிறகு, அவரிடம் மட்டும் குழந்தையிடம் பேசுவதுபோல மெல்ல மெல்லப் பேசினார்களாம். அவர் வந்தால் சாப்பாட்டு மேசையில் பேச்சு நின்றுபோகுமாம். அந்தக் கோட்டை மீற எனக்கு உரிமை கிடையாது. இரக்கத்தால் மீறினாலும் அது மீறல்தான்.

குடோனில் செய்த மாற்றங்களைச் சொன்னால்தான் அக்காவின் கேள்வி எங்கிருந்து வந்தது என்பது விளங்கும். நேர்காணல் வைக்கவில்லை. நேர்காணலில் அளக்கப்படுவது கண்ணைப் பார்த்துப் பேசுவதும் உடனுக்குடன் பதில் சொல்வதும். குடோன் வேலைக்கு இரண்டும் தேவையில்லை. அதனால் மூன்று நாள் சம்பளத்தோடு வேலை பார்த்துக் காட்டுவது என்று முதலாளியிடம் பேசி முடித்தோம். கொடுத்த வேலை, மெடிக்கல் ஷாப்புகளில் இருந்து திரும்பி வரும் சரக்கைப் பிரிப்பது. ஒவ்வொரு ஸ்டிரிப்பிலும் பேட்ச் நம்பரையும் எக்ஸ்பயரி மாதத்தையும் பில்லோடு ஒத்துப் பார்த்து, நிறுவனவாரியாக அடுக்க வேண்டும். ஒரே மாத்திரையில் 250, 500 இரண்டும் ஒரே நிற அட்டையில் வரும். அவசரக்காரர் கையில் அவை கலந்துவிடும். இவர் கையில் கலப்பதில்லை.

சிக்கல் வந்தது வேலையில் இல்லை, வேலையைச் சொன்ன விதத்தில். "பழைய சரக்கை முன்னாடி வை" என்றார் முதலாளி. முதலில் வந்தது பழையதா, முதலில் காலாவதி ஆவது பழையதா? மற்றவர்கள் ஊகித்துக்கொண்டு வைப்பார்கள். இவர் கேட்டார், கேட்டது எதிர்த்துப் பேசுவதாகப் பட்டது. மருந்துக் குடோனில் எது முதலில் காலாவதி ஆகுமோ அதுதான் முன்னால் நிற்க வேண்டும் என்று அட்டையில் எழுதி ரேக்கில் ஒட்டிய பிறகு அந்தப் பேச்சு முடிந்தது. "இந்தா வாரேன், நில்லு" என்று சொல்லிவிட்டு முதலாளி வங்கிக்குப் போய்விட்டால் இவர் அதே இடத்தில் நிற்பார். அதற்குப் பதில் "பதினொன்றரைக்கு வருவேன், அதுவரை மூணாம் ரேக்" என்று சொல்லப் பழக்கினோம். வேலை சொல்ல ஒரே ஆள், முதலாளியின் தம்பி. அவர் கடை கடையாக லைனுக்குப் போகும் நாளில் காலையிலேயே தாளில் எழுதி வைத்துவிடுவார். பழைய சோக் போட்ட டியூப்லைட்டைக் கழற்றி எல்இடி மாட்டினார்கள்.

மிச்சம் இருந்தவை இரண்டு. டேப்பைச் சுருளிலிருந்து பிடுங்கும் சத்தம் அவருக்குக் காதில் ஊசி குத்துவதுபோல இருந்தது. நின்றபடி பொடி எழுத்தைப் படித்தால் உடம்பை நிறுத்தி வைப்பதிலேயே கவனம் போய்விடுகிறது என்றார். எனவே மேசையைக் கடைசி ரேக்குக்குப் பின்னால் கொண்டுபோய், கால் வைக்கக் கம்பி உள்ள ஸ்டூல் ஒன்றும் போட்டார்கள். அதுவரை அவர் மேசை அக்காவின் மேசையை ஒட்டி இருந்தது. டேப் பிடுங்கும் கை அக்காவுடையது.

ஆக, அக்கா கண்டது இவ்வளவுதான்: பக்கத்தில் இருந்த பையன் ஒரு நாள் காலையில் தள்ளிப் போய்விட்டான், போன இடத்தில் அவனுக்கு இருக்கையும் கிடைத்துவிட்டது. காரணம் யாரும் சொல்லவில்லை. காரணம் சொல்லாத சலுகையை மனிதர்கள் தங்களுக்குத் தெரிந்த காரணங்களால்தான் நிரப்பிக்கொள்வார்கள். டேமியன் மில்டன் என்ற ஆட்டிசம் உள்ள ஆய்வாளர் 2012-ல் எழுதினார்: புரியாமல் போவது ஆட்டிசம் உள்ளவரின் குறை மட்டுமல்ல, அது இரண்டு பக்கமும் நிகழ்கிறது. மேசையை நகர்த்தும்போது எங்கள் கவனம் முழுக்க ஒரு பக்கத்தில் இருந்தது. அக்கா பக்கம் என்ன நிகழும் என்று கேட்கத் தாளில் கட்டம் இல்லை.

சட்டத்துக்கு வருகிறேன், என்னை அதிகம் உறுத்துவது அதுதான். 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் பட்டியலில் ஆட்டிசம் இருக்கிறது. சான்றிதழுக்காக ஆட்டிசத்தை அளக்கும் ஐ.எஸ்.ஏ.ஏ. என்ற இந்திய அளவுகோலில் 40 அம்சங்கள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். 70-க்குக் கீழே வந்தால் ஆட்டிசம் இல்லை, 153-ஐத் தாண்டினால் தீவிரம். அந்த அளவுகோல் பெரும்பாலும் பிள்ளைகளை மனதில் வைத்துச் செய்யப்பட்டது. வளர்ந்தவரை அழைத்துப் போகும்போது அம்மாவோ அப்பாவோ கூட இருந்து, பேச்சு வந்த வயது, விளையாடிய விதம் எல்லாவற்றையும் நினைவிலிருந்து சொல்ல வேண்டியிருக்கும். பழைய பள்ளிக் குறிப்புகள், சிகிச்சைச் சீட்டுகள் இருந்தால் கையோடு கொண்டுபோவது நல்லது. அப்படியெல்லாம் அலைந்து மாற்றுத்திறனாளி அட்டை வாங்கினாலும், நியாயமான வசதி செய்து தர வேண்டும் என்று 20-வது பிரிவு நேரடியாகப் பணிப்பது அரசு நிறுவனங்களை. 4 விழுக்காடு இடஒதுக்கீடும் அரசு வேலைக்குத்தான். அதில் 1 விழுக்காட்டை ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, மனநோய், பல குறைபாடுகள் உள்ளவர்கள் எல்லோரும் பகிர்ந்துகொள்ள வேண்டும். பாளையங்கோட்டையில் பத்துப் பேருக்குக் குறைவாக வேலை பார்க்கும் ஒரு குடோனில் அந்தத் தம்பியின் ஸ்டூல் முதலாளி மனம் வைத்துக் கொடுத்தது. கேட்டோம், கொடுத்தார்.

அக்காவின் ஸ்டூல் அப்படி அல்ல. 2021-ல் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. வேலைக்கு நடுவே உட்கார வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார, எல்லாப் பணியாளருக்கும் இருக்கை இருக்க வேண்டும் என்கிறது அது. கேரளத்தில் 2018-லேயே இப்படி ஒரு திருத்தம் வந்துவிட்டது. சான்றிதழ் வேண்டாம், மதிப்பெண் வேண்டாம், வியாதிக்குப் பெயர் வேண்டாம். வேலை பார்ப்பவர் என்பதே போதும். தம்பிக்கு நாங்கள் கெஞ்சிப் பெற்றதை அக்கா சட்டப்படி கேட்டுப் பெறலாம். அவர் "எனக்கு யாரு கேப்பா" என்றபோது இந்தப் பிரிவு எனக்குத் தெரியும்.

ஏன் சொல்லவில்லை? நான் அந்தக் குடோனுக்குள் போவதே முதலாளியின் சம்மதத்தில்தான். ஜாப் கோச் உள்ளே வந்து வேலையாட்களுக்குச் சட்டம் சொல்லிக் கொடுக்கிறார் என்ற பேச்சு எழுந்தால் அடுத்த வாரம் கதவு திறக்காது. தம்பி வேலையும் ஆட்டம் காணும். அவர் வந்ததனால்தான் இந்தத் தலைவலி என்று ஆகிவிடும். திருநெல்வேலி, தென்காசிப் பக்கம் மருந்து மொத்த வியாபாரிகள் ஒருவருக்கொருவர் தெரிந்தவர்கள்; ஒரு கதவு மூடினால் மற்றக் கதவுகளுக்கும் அது தெரியும். ஆட்டிசம் உள்ள வளர்ந்தவர்களுக்கு நம் பக்கத்தில் திறந்திருக்கும் கதவுகள் மிகக் குறைவு. இது நியாயமான காரணம்தான் என்று நினைக்கிறேன். ஆனால் தன் ஆளுக்கு இடம் கிடைத்தால் போதும் என்று மற்றவர் வலியைத் தாண்டிப் போகும் எவரும் இதே காரணத்தைத்தான் சொல்வார்கள் என்பதும் தெரிகிறது.

பெயர், இடம் சொல்லாமல் இதை எங்கள் மாதாந்திரக் கூட்டத்தில் வைத்தேன். வேலை பார்க்கும் ஆட்டிசம் உள்ளவர்களும் வேலை தேடுகிறவர்களும் பெற்றோரும் கூடும் இடம் அது. பெற்றோர் ஒரே குரலில் "சொல்லவே கூடாது" என்றார்கள். ஒரு அம்மா வெளிப்படையாகச் சொன்னார்: "இவன் தங்கச்சிக்கு இன்னும் கலியாணம் ஆகல மேடம்." அந்தப் பயத்தை யாரும் லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. வேலை பார்க்கும் இளைஞர்கள் மட்டும் இரண்டாகப் பிரிந்தார்கள். நாள் முழுக்கத் தன்னை மறைத்து, கையாட்டாமல், முகத்தைச் சிரித்தபடி வைத்திருந்து வீட்டுக்குப் போனால் சாப்பிடக்கூடத் தெம்பு இருப்பதில்லை, சொல்லிவிடுவதே மேல் என்றார் ஒருவர். சொன்ன பிறகு செய்த தப்பெல்லாம் ஆட்டிசத்தின் கணக்கில் போய்விட்டது என்றார் இன்னொருவர். பேச்சு முடிவுக்கு வரவில்லை. ஆனால் ஒரு உருப்படியான வழி கிடைத்தது: பெயரைச் சொல்லாமல் தேவையை மட்டும் சொல்வது. "எனக்கு ஆட்டிசம்" என்பது ஒன்று. "டேப் சத்தம் எனக்கு ஆகாது" என்பது வேறு. நாங்கள் இரண்டையும் ஒரே கட்டத்தில் போட்டிருந்தோம். ஒரு கோட்டில் இரண்டும் சேர்ந்து அடிபட்டுப்போயின. இப்போது தாளில் அவை தனித்தனி வரிசை.

புதுத் தாளைத் தம்பியிடம் காட்டினேன். அவரே மூன்று வாக்கியம் எழுதினார். "டேப் சத்தம் எனக்குக் காது வலிக்கும். அதனால்தான் தள்ளிப் போனேன். உங்களால் இல்லை." மறுநாள் அக்காவிடம் அதைப் படித்துக் காட்டினாராம். அக்கா என்னிடம் சொன்னது: "இத முதல்லயே சொல்லிருக்கலாம்லா. நான் என்னென்னமோ நெனச்சுட்டேன்." இரண்டாவது கேள்வி அத்தோடு தீர்ந்தது.

ஸ்டூல் பற்றியும் ஒரு வார்த்தை சேர்க்க முடியுமா என்று தம்பியிடம் கேட்டிருந்தேன். அவர் மறுத்துவிட்டார். "அக்கா இடுப்புவலிக்கு நான் ஏன் என் காரணத்தைச் சொல்லணும்?" அவர் சொல்வது சரி. தனக்குக் கிடைத்த ஒரு வசதிக்காக ஒருவர் தன் உடம்பைப் பற்றி எல்லோருக்கும் கணக்குக் கொடுத்துக்கொண்டிருக்க முடியாது. அக்கா கேட்டதும் சரி. இரண்டு நியாயத்துக்கும் நடுவில் பதில் சொல்ல வேண்டியவர் முதலாளி. "பையன் வேலையப் பாத்தாப் போதும், நீங்க சொல்லுத பேரெல்லாம் எனக்கு எதுக்கு" என்று முதல் நாளே பெருந்தன்மையோடு சேர்த்துக்கொண்டவர் அவர்.

கடைசியில் பேக்கிங் பக்கம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி வந்தது. அக்காவே கேட்டாரா, முதலாளிக்கே தோன்றியதா தெரியாது. ஆனால் அது உதவவில்லை. பேக்கிங் மேசை ஏறக்குறைய 90 சென்டிமீட்டர் உயரம். பிளாஸ்டிக் நாற்காலியின் இருக்கை 45 சென்டிமீட்டருக்குள். அதில் உட்கார்ந்து டேப் ஒட்டினால் தோளைத் தூக்கிக்கொண்டே வேலை செய்ய வேண்டும். இடுப்புவலி தோள்வலியாக மாறும். மேசை மட்டத்துக்கு 25 முதல் 30 சென்டிமீட்டர் கீழே இருக்கை இருக்க வேண்டும், அதாவது 60, 65 உயரம், கால் தொங்காமல் இருக்கக் கம்பி. தம்பிக்கு இதையெல்லாம் அளந்து வாங்கினோம். அக்கா பழையபடி நின்றுகொண்டே ஒட்டுகிறார். "அதான் நாற்காலி போட்டாச்சே" என்கிறார்கள் மற்றவர்கள்.

அடுத்ததாக வண்ணார்பேட்டையில் ஒரு கடை. அங்கே சேரப்போகும் பெண்ணுக்கும் இருக்கை தேவை. முதலாளியிடம் கொடுக்கும் தாளில் அவருக்கு மட்டும் கேட்பதா, 22-ஏ பிரிவைச் சொல்லி எல்லோருக்கும் கேட்பதா என்று எங்களுக்குள் பேச்சு ஓடுகிறது. எல்லோருக்கும் கேட்டால் அவர் தனியாகத் தெரிய மாட்டார், எதையும் சொல்லத் தேவையும் இருக்காது. வாசலிலேயே வேண்டாம் என்று சொல்லிவிடவும் வாய்ப்பு அதிகம். அவருடைய அப்பா கேட்டுக்கொண்டது, "எம் பிள்ள மொதல்ல உள்ள போகட்டும், மத்தத பொறவு பேசுங்க" என்பது. வேலை நிலைத்து ஆறு மாதம் ஆன பிறகு பேசலாம் என்று நானும் சொல்லிப் பார்த்தேன். ஆனால் எங்கள் திட்டப்படி முதல் இரண்டு வாரம் முழு நாள், பிறகு அரை நாள், பிறகு வாரம் ஒரு தடவை என்று ஜாப் கோச் விலகிக்கொண்டே வர வேண்டும். அந்த ஆறாவது மாதத்தில் எல்லோருக்கும் ஸ்டூல் கேட்க எங்களில் யாரும் அந்தக் கடைக்குள் இருக்க மாட்டோம்.