பழைய டெஸ்க்டாப்பில் வைஃபை சிக்னல் கிடைக்கவில்லையா?

ரவுட்டரைக் குறை சொல்லும் முன் கேபினெட்டின் பின்பக்கத்தைப் பாருங்கள். இரும்புப் பெட்டிக்கும் சுவருக்கும் நடுவே ஆன்டெனா ஒளிந்திருந்தால் சிக்னல் எப்படி வரும்?

உள்ளே வைஃபை கார்டு இருந்தால், ஆன்டெனாவைக் கையாலேயே திருகி இறுக்குங்கள். பிறகு 1 மீட்டர் ஆர்பி-எஸ்எம்ஏ (வைஃபை ஆன்டெனாக்களில் வரும் திருகு இணைப்பு) எக்ஸ்டென்ஷன் கேபிள் போட்டு ஆன்டெனாவை மேசைமேல் செங்குத்தாக நிறுத்துங்கள். சாதாரண எஸ்எம்ஏ கேபிள் வாங்கிவிடாதீர்கள். மரை பொருந்துவதுபோல் தெரியும், ஆனால் கார்டிலும் கேபிளிலும் நடு ஊசி இருப்பதால் முட்டிக்கொள்ளும். கேபிள் நீள நீள சிக்னல் குறையும், அதனால் 1 மீட்டரே போதும்.

கார்டுக்குப் பதில் வெளியே செருகும் குட்டி வைஃபை அடாப்டரான யூஎஸ்பி டாங்கிளா? நீல நிற யூஎஸ்பி 3.0 போர்ட்டில் செருகாதீர்கள். 3.0 சாதனங்கள் வைஃபை பயன்படுத்தும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இரைச்சல் கிளப்பும். இன்டெல் 2012-லேயே இதை விளக்கியிருக்கிறது. பக்கத்தில் 3.0 ஹார்ட் டிஸ்க் ஓடினாலும் இதே கதிதான். எக்ஸ்டென்ஷன் கேபிள் வழியாக 2.0 போர்ட்டில் செருகி, பெட்டியிலிருந்து தள்ளி வையுங்கள். மிகச் சிறிய நானோ டாங்கிளை நான் பரிந்துரைக்கவே மாட்டேன், அதற்குள் நல்ல ஆன்டெனாவுக்கு இடமே இல்லை.

அடிக்கடி இணைப்பு அறுந்தால், விண்டோஸ் டிவைஸ் மேனேஜரில் அடாப்டரின் பவர் மேனேஜ்மென்ட் பகுதிக்குப் போய், மின்சாரம் சேமிக்க அதை அணைக்க அனுமதிக்கும் டிக்கை எடுத்துவிடுங்கள். ரவுட்டரில் 2.4-க்கு 1, 6, 11 ஆகிய சேனல்களில் நெரிசல் குறைந்ததைத் தேர்ந்தெடுங்கள்.