இடாப்பில் பெயர் இருக்கா, ரீச்சர்?

தேர்தல் முடிந்த கையோடு ஊரில் வாக்குப்பெட்டியைப் பற்றித்தான் கதை. பெட்டி மாறினதாம், நடுவழியில் ஒரு வான் நின்றதாம், எண்ணும்போது லைற் போனதாம் என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். தேர்தல் கடமைக்குப் போய்வருகிற ரீச்சர் என்பதால் விசாரணை கடைசியில் என்னிடம் வந்து நிற்கும். நான் சொல்வது ஒன்றுதான்: பெட்டியை விடுங்கள், யாருக்கு வாக்கு உண்டு என்று பெயர் எழுதியிருக்கிற வாக்காளர் இடாப்பைப் பாருங்கள். வன்னியில் ஒரு தேர்தல் ஒழுங்காக நடக்குமா இல்லையா என்பது பெட்டி ஊருக்குள் வருவதற்குப் பல மாதம் முன்பே அந்தப் புத்தகத்தில் பாதி முடிவாகிவிடுகிறது.

பெட்டியில் இப்போது கைவைப்பது லேசில்லை. காரணம், அதைச் சுற்றி இருக்கிற யாரும் யாரையும் நம்புவதில்லை. முதல் நாளே பொலிஸோடு பெட்டியும் நாங்களும் பள்ளிக்கூடத்துக்கு வந்துவிடுவோம். விடிந்ததும் கட்சி முகவர்கள் வருவார்கள். அவர்கள் கண்முன்னே திறந்து காட்டி, வெறும் பெட்டிதான் என்று எல்லோரும் கண்ட பிறகுதான் மூடி முத்திரை வைப்பது. விரும்பினால் அவர்களும் தங்கள் முத்திரையை வைக்கலாம். ஏழு மணிக்கு வாக்களிப்புத் தொடங்கும். ஒருவர் உள்ளே வந்தால் அவருடைய இலக்கத்தையும் பெயரையும் உரத்து வாசிக்க வேண்டும். அது முகவர்களின் காதுக்காக. வந்தவர் அந்தப் பெயருக்குரியவர் இல்லை என்று பட்டால் அவர்கள் எதிர்ப்புச் சொல்லலாம். உங்கள் பெயரில் வேறு யாரோ முன்பே வாக்குப் போட்டிருந்தால், உங்களுக்கென்று வேறு நிறத்தில் ஒரு சீட்டு உண்டு. அது பெட்டிக்குள் போகாது, தனி உறைக்குள் போகும். வாக்களிப்பு முடிந்து பெட்டியின் வாயை அடைத்த பிறகு கணக்கு: எத்தனை சீட்டுக் கொண்டுவந்தோம், எத்தனை கொடுத்தோம், எத்தனை பழுது, எத்தனை மிச்சம். ஒன்று இடித்தாலும் திரும்பத் திரும்ப எண்ண வேண்டியதுதான்.

1981 யாழ்ப்பாண மாவட்ட அபிவிருத்திச் சபைத் தேர்தலில் பெட்டிகள் காணாமல் போனதையும், 1999 வடமேல் மாகாண சபைத் தேர்தலில் நடந்த அட்டகாசத்தையும் எங்கள் பழைய அதிபர் ஒருவர் கடமை இரவுகளில் கதைகதையாகச் சொல்வார். இன்றைய இறுக்கமெல்லாம் அப்படிப் பட்டுத் தெளிந்ததால் வந்ததுதான்.

ஆனால் ஒரு ஓட்டை இருக்கிறது. முகவர் கதிரைகள். பிரதான வீதியிலிருந்து உள்ளே தள்ளிக் காட்டோரமாக இருக்கிற நிலையங்களுக்குச் சின்னக் கட்சிகளாலும் சுயேச்சைக் குழுக்களாலும் ஆள் அனுப்ப முடிவதில்லை. பின்னேரமானால் வந்த ஒன்றிரண்டு பெடியளும் சாப்பிடப் போய்த் திரும்ப மாட்டார்கள். நாங்கள் உரத்து வாசித்துக்கொண்டே இருப்போம், கேட்க ஆள் இருக்காது. கண்காணிப்பாளர்களின் வாகனம் அந்தப் பாதையால் வந்தால் வரும். பெவ்ரல் போன்ற அமைப்புகள் தொண்டர்களை வைத்து நல்ல வேலை செய்கின்றன, ஆனால் ஊர்க்காரருக்கு ஊர்க்காரரைத் தெரிவதுபோல் வெளியாளுக்குத் தெரியுமா?

சரி, இடாப்புக்கு வருகிறேன்.

ஒவ்வொரு ஆண்டும் கிராம சேவகர் ஒரு படிவம் தருவார். வீட்டுக்காரர் வீட்டில் இருக்கும் பதினெட்டு நிறைந்தவர்களின் பெயர்களை எழுதிக் கொடுக்க வேண்டும். கேட்பதற்கு எவ்வளவு சுகம். ஆனால் வீடே இல்லாத ஊரில் வீட்டுக்காரர் யார்? 2009இல் வன்னிச் சனம் முழுவதும் செட்டிகுளம் பக்கம் முகாம்களில் கிடந்தது. 2010 ஜனவரியில் ஜனாதிபதித் தேர்தல் வந்தபோது பயன்படுத்தியது 2008ஆம் ஆண்டு இடாப்பு. சண்டை நடந்துகொண்டிருந்த அந்த ஆண்டில் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் யார் படிவம் நிரப்பினார்கள்? அடையாள அட்டையையோ பலர் போர் முடிவில் வட்டுவாகல் பாலம் தாண்டும்போதே தொலைத்திருந்தார்கள். பெயர் இருந்தவருக்கு அட்டை இல்லை, அட்டை இருந்தவருக்குப் பெயர் இல்லை. அதற்கும் வாக்களிப்பு நாளுக்கும் சம்பந்தமே இல்லை. அன்று எல்லாம் சட்டப்படி நடந்தாலும் அவர்கள் வெளியேதான்.

போரால் இடம்பெயர்ந்தவர்கள் தாங்கள் முன்பு இருந்த ஊரிலேயே பதியலாம் என்று 2013இல் ஒரு விசேட சட்டம் வந்தது. அது இங்கே பலருக்கு உதவியது. 1990இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டுப் புத்தளத்தில் தங்கிவிட்ட முஸ்லிம் குடும்பங்களில் பல, மன்னாரில் வாக்கு வைத்துக்கொண்டு தேர்தலுக்குப் பஸ் பிடித்து வந்தன. 2019 நவம்பர் 16 அதிகாலை, அப்படி வந்த பஸ் வரிசை மீது தந்திரிமலைப் பக்கம் துப்பாக்கிச் சூடும் கல்வீச்சும் நடந்தது. உயிர்ச்சேதம் இல்லை. ஆனாலும் ஒரு புள்ளடி போடுவதற்கு அவ்வளவு தூரம் வந்து அதையும் பட வேண்டியிருந்தது.

இடாப்பில் எனக்கு மனம் கனக்கிற இடம் வேறு. காணாமல் ஆக்கப்பட்டவர்களின் பெயர்கள். எங்கள் பகுதியில் ஒரு அம்மா ஒவ்வொரு ஆண்டும் படிவத்தில் மகனின் பெயரையும் எழுதிக் கொடுப்பார். கிராம சேவகர் ஒருமுறை பக்குவமாக, "அம்மா, ஆள் இப்ப வீட்டில இல்லைத்தானே" என்று சொல்லிப் பார்த்திருக்கிறார். "பேரை வெட்டினால் அவன் வந்து எங்க வோட்டுப் போடுறது?" என்று கேட்டாராம். மரணச் சான்றிதழ் எடுக்க அவர் சம்மதிக்கவில்லை. காணாமற்போனமைக்கான சான்றிதழ் என்று 2016இல் ஒன்றைக் கொண்டுவந்தார்கள், அதிலும் அவருக்கு நம்பிக்கை இல்லை. சட்டம் படித்த ஒருவர் என்னிடம், இறந்தவர், இல்லாதவர் பெயர்கள் இருந்தால்தான் கள்ளவாக்குக்கு வசதி என்றார். சரியான பேச்சு. வரமாட்டார் என்று ஊருக்கே தெரிந்த பெயர்தான் கள்ளனுக்குத் தோது. ஆனால் அந்த அம்மாவின் வீட்டு வரிசையில் அவருடைய இலக்கத்துக்கு அடுத்த இலக்கம் மகனுடையது. எழுதுவினைஞர் அம்மாவின் பெயரைக் கோடிடும்போது அடிமட்டத்துக்குக் கீழே மகனின் பெயர் தெரியும். அதை வெட்டு என்று சொல்ல எனக்கு வாய் வராது. அந்தப் பெயரைக் காக்க வேண்டியது வெட்டுவதால் அல்ல, அடையாள அட்டையைச் சரியாகப் பார்ப்பதாலும் விரலில் மை இருக்கிறதா என்று பார்ப்பதாலும் அந்த முகவர் கதிரைகளில் ஊர் தெரிந்த ஒருவர் இருப்பதாலும்தான்.

மையைப் பற்றி ஒரு சின்ன விசயம். 2024 செப்டெம்பரில் ஜனாதிபதித் தேர்தலுக்கு இடது கைச் சின்னி விரலில் பூசினோம். நவம்பரில் பாராளுமன்றத் தேர்தல் வந்துவிட்டது, பழைய மை நகத்தில் இன்னும் போகவில்லை. ஆகவே சுட்டுவிரலுக்கு மாறினோம். ஒரு தாத்தா, "அடுத்தமுறை கால் விரலோ பிள்ளை?" என்று கேட்டார்.

வாக்களிக்க வருகிற சனம் சிரித்தாலும் உள்ளே ஒரு பயம் இருக்கிறது. சீட்டை வாங்கிக்கொண்டு மறைப்புக்குப் போகும் முன் குரலைத் தாழ்த்தி, "ஆருக்குப் போட்டதெண்டு தெரிய வருமோ?" என்று கேட்பவர்கள் இப்போதும் உண்டு. சீட்டில் உங்கள் பெயர் இல்லை, எல்லாச் சீட்டும் கலந்துதான் எண்ணுவார்கள் என்று சொல்வேன். பொய்யில்லை. ஆனால் கலப்பதற்கு நிறையச் சீட்டு வேண்டும். 2005 ஜனாதிபதித் தேர்தலை எடுங்கள். புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிகளிலும் யாழ்ப்பாணத்திலும் பகிஷ்கரிப்பு. யாழ் மாவட்டத்தில் வாக்களித்தவர்கள் 1.21 சதவீதம். தேர்தல் கணக்கில் யாழ்ப்பாணத்தோடு சேர்ந்த கிளிநொச்சித் தொகுதியில் பதிவான வாக்கு ஒன்றே ஒன்று. முடிவைத் தொகுதி தொகுதியாக வெளியிடுவதால், அந்த ஒருவர் யாருக்குப் போட்டார் என்பது நாடு முழுவதற்கும் தெரிந்துபோனது! வென்றவருக்கும் தோற்றவருக்கும் வித்தியாசம் 180,786 வாக்குகள். சனத்தைப் போகவிடாமல் தடுத்தால் பெட்டியைத் தொடாமலே தேர்தலைத் திருப்பலாம் என்பதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்? அன்று போகாதே என்றவர்களை இங்கே வெளிப்படையாகக் குறைசொல்ல இன்றும் பலர் தயங்குகிறார்கள். நான் சொல்கிறேன்: அது எங்கள் வாக்கு, வேறு ஆளுக்குத் தீர்மானிக்க உரிமை இருக்கவில்லை.

இப்போது உள்ளூராட்சித் தேர்தலில் வட்டார வாரியாக முடிவு வருகிறது. சின்ன வட்டாரங்களில் வேட்பாளர் அடுத்த நாளே எந்த ஒழுங்கை தனக்குப் போடவில்லை என்று ஊகித்துவிடுகிறார். பிறகு அந்த ஒழுங்கைக்குக் கிறவல் விழுமா என்று கேட்டால் எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும்.

அதற்குமேல் இன்னொன்று: தேர்தல் நடக்க வேண்டும். 2023 மார்ச்சில் நடக்க வேண்டியிருந்த உள்ளூராட்சித் தேர்தல் பணம் இல்லை என்று நின்றது. அதை நடத்தாமல் விட்டது அடிப்படை உரிமை மீறல் என்று உயர் நீதிமன்றம் 2024 ஓகஸ்டில் தீர்ப்புச் சொல்லி, 2025 மே 6 அன்று ஒருவழியாக நடந்தது. வட மாகாண சபைக்கோ 2013 செப்டெம்பர் 21 அன்று வாக்களித்தோம். அதன் ஆயுள் 2018 ஒக்டோபரில் முடிந்தது. இதை எழுதும்வரை அடுத்தது இல்லை. என்னோடு கற்பிக்கிற இளம் ஆசிரியை ஒருவர் 2014இல் பதினெட்டு நிறைந்தவர். கல்யாணம் முடிந்து பிள்ளையும் நேர்சரி போகிறது. மாகாண சபைச் சீட்டு எவ்வளவு நீளம் இருக்கும் என்று என்னிடம் கேட்கிறார்.