தக்காளியில் ஏறிய அம்மையார் கூந்தல்

ஜனவரி 6
கொல்லைக்குத் தண்ணீர் திருப்பப் போனால், வடக்குப் பாத்தியில் ஏழெட்டுத் தக்காளிச் செடிமேல் மஞ்சள் நூல்கண்டைப் பிரித்துப் போட்ட மாதிரி ஏதோ கிடக்கிறது. இலை இல்லை, வேரும் இல்லை. அம்மா பார்த்ததுமே "அம்மையார் கூந்தல்டா, பிய்க்காத" என்றார். மற்ற செடியை உறிஞ்சி வாழும் ஒட்டுண்ணிக் கொடி அது. பிய்த்தேன். வரப்பில் வீசிவிட்டுப் பண்ருட்டிக்குக் கிளம்பிவிட்டேன்.

ஜனவரி 18
பொங்கலுக்கு அந்தப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை. இன்று பிய்த்த இடத்திலெல்லாம் மறுபடி துளிர். தண்டில் ஒட்டிய துணுக்கே அதற்குப் போதும். வரப்பில் வீசியதும் ஓரச் செடியைப் பிடித்துக்கொண்டது. விதைத்தவன் நான்தான்.

இது முளைக்கும்போது வெறும் நூல். சில நாளைக்குள் ஒரு செடி கிடைக்காவிட்டால் செத்துவிடும். கிடைத்தால் சுற்றிக்கொண்டு தண்டுக்குள் உறிஞ்சு வேரை இறக்கி, அடியைக் காயவிட்டு, மண்ணோடு உறவையே அறுத்துக்கொள்ளும். அப்புறம் எந்த மருந்தை அடித்தாலும் தக்காளிக்கும் சேர்த்துத்தான் அடி. அமெரிக்காவில் 2006இல் ஒரு ஆய்வில், இதன் முளை தக்காளியின் வாசனையை வைத்தே அந்தப் பக்கம் வளைந்ததாம். நமக்கு ரசம், அதற்குச் செடி.

ஜனவரி 20
எங்கிருந்து வந்தது என்று யோசித்ததில், போன வருஷம் மாட்டுக்காக அதே இடத்தில் குதிரைமசால் விதைத்தது ஞாபகம் வந்தது. அந்த விதையில் இது கலந்து வருவது பழைய கதை. மாடு தின்றாலும் விதை சாகாமல் சாணத்தில் வருமாம், ஆக எருவின்மீதும் சந்தேகம்தான்.

ஜனவரி 22
இதற்குள் அது பற்றியிருந்த பதினான்கு செடியையும், தொட்டுக்கொண்டிருந்த பக்கத்துச் செடிகளையும் அடியோடு அறுத்து, இழுக்காமல் மல்லாட்டை (நிலக்கடலை) சாக்கில் போட்டு, காயவைத்துக் கொளுத்தினேன். "காயும் பிஞ்சுமா வெட்டுறியேடா" என்று அம்மா வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். எனக்கும் வயிறு எரிந்தது. ஆனால் பூத்து விதை கொட்டினால் பத்து வருஷத்துக்கு மேல் மண்ணில் கிடக்கும்.

பிப்ரவரி 11
புதிதாக மூன்று நூல். இன்னும் எதையும் பற்றவில்லை, பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டேன். தினமும் ஒரு சுற்று வருகிறேன்.

அந்தப் பாத்தியில் அடுத்த இரண்டு பட்டமும் மக்காச்சோளமோ கம்போதான், புல் இனத்தில் இது சரியாக ஏறாது. அம்மா மிளகாய் வைக்கலாம் என்கிறார். மிளகாயும் அதற்குத் தீனிதான் என்று மூன்று தரம் சொல்லிவிட்டேன்; நாற்றுக்குச் சொல்லி வைத்துவிட்டாராம்.